பின்சக்கரக் கம்பி மூன்று முறை அறுந்தது: நெடும்பயணத்தில் இதை எப்படிச் சமாளிப்பது?

தனிமிதி (கேள்வி):

வணக்கம். சென்ற மாதம் 1,100 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் ஒன்றைத் தொடங்கி, 640-வது கிலோமீட்டரில் கைவிட்டுத் திரும்பினேன். உடம்பு கடைசிவரை ஒத்துழைத்தது. பின்சக்கரம்தான் ஏமாற்றிவிட்டது.

நான்காம் நாள் காலை, ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம். அடுத்த சுற்றிலேயே ரிம் பிரேக் கட்டையில் உரசியது. வலப்பக்கத்து ஸ்போக் கம்பி ஒன்று சக்கர நடுவிலுள்ள அச்சுக்குடத்தருகே அறுந்து தொங்கியது. மாற்றுக் கம்பிகள் நான்கு வைத்திருந்தேன். ஆனால் கம்பியைக் கோக்க வேண்டிய துளை பல்சக்கர அடுக்குக்குப் பின்னால் மறைந்திருந்தது. அடுக்கைக் கழற்றும் கருவி என்னிடம் இல்லை. 14 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்து, ஒருவரிடம் சரிசெய்துகொண்டேன். மறுநாள் இன்னொன்று அறுந்தது, அதற்கு இரண்டு நாள் கழித்து மூன்றாவது. பிறகு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரிம் பிரேக், 32 கம்பிச் சக்கரம். என் எடை 82 கிலோ, மூட்டை 24 கிலோ, முழுவதும் பின் கேரியரில். எப்போதும் வலப்பக்கமே ஏன் அறுகிறது? அடுத்து 2,000 கிலோமீட்டர் திட்டமிட்டிருக்கிறேன். பாதித் தூரம் கடை கண்ணி இல்லாத பாதை. புறப்படும் முன் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அன்று சாலையோரத்தில் உட்கார்ந்தபோது கை நடுங்கியது. போகிறவர்களை நிறுத்தி உதவி கேட்கவும் கூச்சமாக இருந்தது.

கோட்டமெடுப்பவர்:

அறுந்த கம்பிகளை எறிந்துவிடாமல் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் வளைவில் முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பகுதி மங்கலாக, வழவழப்பாக இருக்கும். மற்றது சொரசொரப்பாக மினுங்கும். மங்கிய பகுதி பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்த பழைய வெடிப்பு. மினுங்குவதுதான் அன்று காலை அறுந்தது. முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. நான் ஏதோ தவறாக மிதித்துவிட்டேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் தரைப்பக்கம் வருகையில் சற்றுத் தளர்ந்து, மேலே போகையில் மறுபடி இறுகுகிறது. சாதாரண அளவுச் சக்கரம் கிலோமீட்டருக்கு 460 முறைக்கு மேல் சுற்றும். 640 கிலோமீட்டரில் ஏறத்தாழ மூன்று லட்சம் முறை ஒவ்வொரு கம்பியும் இப்படித் தளர்ந்து இறுகியிருக்கிறது. பின்சக்கரத்தில் பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன. ரிம்மை நடுவில் நிறுத்த அவற்றை மிக அதிகமாக முறுக்க வேண்டும். மூட்டையின் பாரமும் மிதியின் இழுப்பும் அதே சக்கரத்தில்தான். அந்த முறுக்கு சீராக இல்லாவிட்டால் தளர்ந்த கம்பி சீக்கிரம் சோர்ந்துபோகும். அதற்குப் புதுக் கம்பி போட்டாலும் வலப்பக்கத்தில் மீதி 15 கம்பிகள் பழையவை. அடுத்தடுத்து அறுந்ததில் வியப்பில்லை. மூன்று போன பிறகு ஒவ்வொன்றாக மாற்றுவதை விட்டுவிடுங்கள். கம்பிகள் முழுவதையும் புதிதாகப் போட்டுச் சக்கரத்தைக் கோக்கச் சொல்லுங்கள்.

வழியில் அறுந்தால் நான் செய்வது இதுதான். முதலில் சைக்கிளை நிழலில் சாய்த்து, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் கருவிப்பையைத் தொடாமல் உட்காருவேன். உங்கள் கை நடுங்கியது போலவே என் கையும் நடுங்கியிருக்கிறது. நடுங்கும் கையோடு ஒருமுறை நிப்பிளின் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு திருகு) முனைகளை மழுக்கிவிட்டேன். அதிலிருந்து இந்த ஐந்து நிமிடத்தை விட்டதே இல்லை.

பிறகு, அறுந்த கம்பி கியர் மாற்றியில் சிக்காமல் இருக்க அதைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுவேன். வலக்கம்பி போனதால் அந்த இடத்தில் ரிம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். வலப்பக்க அண்டைக் கம்பிகளை முறுக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். ஏற்கெனவே இறுகிக் கிடப்பவற்றை மேலும் இறுக்கினால் அடுத்து அறுவது அவைதான். அதற்கு மாறாக, இருபுறமும் உள்ள இடக்கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், சுற்றிப் பாருங்கள், வேண்டுமானால் இன்னும் கால் சுற்று. டயர்ப் பக்கமிருந்து பார்த்தால் நிப்பிளை வலஞ்சுழியாகத் திருப்புவது இறுக்கம். அச்சுப் பக்கமிருந்து பார்த்தால் அது நேர்மாறாகத் தெரியும். களைப்பில் இது குழம்பும், வீட்டிலேயே கைக்குப் பழக்கிவிடுங்கள். அப்புறம் பிரேக்கைச் சற்று அகலமாகத் திறந்து, பின்மூட்டையில் கனமானதை முன்னால் மாற்றிக் கட்டி, பள்ளங்களில் எழுந்து நின்று ஓட்டினால் அடுத்த ஊர்வரை போய்விடலாம். பிரேக்கைத் திறந்துவிட்டதை இறக்கத்தில் மறக்க வேண்டாம்.

நூலாலான அவசரக் கம்பி ஒன்று கிடைக்கிறது. வளையும் என்பதால் பல்சக்கர அடுக்கைக் கழற்றாமலே துளையில் கோத்துவிடலாம். எடையே இல்லை. இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுக் கம்பி வாங்கும்போது வலது, இடது இரண்டின் நீளத்தையும் அளந்து வாங்குங்கள். பின்சக்கரத்தில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது.

சங்கிலித்தடம்:

கம்பி பற்றி மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். எனக்குப் போனது கியர் மாற்றி. சைக்கிள் வலப்பக்கம் சரிந்து விழுந்தது, கியர் மாற்றியைச் சட்டகத்தில் தாங்கும் ஹேங்கர் உள்நோக்கி வளைந்தது. கவனிக்காமல் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினேன். கியர் மாற்றி கம்பிகளுக்குள் புகுந்து முறிந்தது. கீழே விழுந்தால், எழுந்ததும் முதலில் சைக்கிளின் பின்னால் குனிந்து கியர் மாற்றி செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். ஹேங்கர் ஒவ்வொரு சட்டகத்துக்கும் வேறு. வழியில் கிடைக்காது, உங்களுடையதை ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள்.

அன்று செயினைச் சுருக்கி ஒரே கியரில் 50 கிலோமீட்டர் ஓட்டினேன். செயின் நேர்கோட்டில் ஓடும் பல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோணலாக இருந்தால் தானாகப் பெரிய பல்லுக்கு ஏறி இறுகிக்கொள்ளும். வெட்டிய கண்ணிகளைத் தொலைக்காதீர்கள். செயின் கழற்றும் கருவியும், உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி இரண்டும் கட்டாயம்.

பஞ்சர் பற்றி ஒரே ஒரு சொல். ட்யூபை மாற்றும் முன், குத்தியது எது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்காதீர்கள். லாரி டயரிலிருந்து உதிரும் மயிரிழைக் கம்பி கண்ணுக்கும் படாது, விரலுக்கும் படாது. டயரின் உட்புறம் பஞ்சை வைத்துத் தேய்த்தால் நார் சிக்கும் இடத்தில் இருக்கும்.

பழையபாதை:

உதவி கேட்கக் கூச்சம் என்றீர்கள், அதற்கு மட்டும் எழுதுகிறேன். 1913 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் யூஜீன் கிறிஸ்டோஃப் என்ற வீரருக்கு டூர்மாலே மலை இறக்கத்தில் ஃபோர்க் உடைந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்து, ஒரு கொல்லன் பட்டறையில் தானே அடித்துச் சேர்த்தார். வெளியாள் உதவி கூடாது என்பது விதி. ஒரு சிறுவன் துருத்தி ஊதியதற்காக அவருக்கு நேரத் தண்டனை கொடுத்தார்கள். நம் பயணத்துக்கு அப்படி ஒரு விதி இல்லை. சக்கரத்தைச் சுற்றிப் பிடிக்க இன்னொரு கை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டவர்களில் பலர் நான் கேட்டதற்காகவே மகிழ்ந்தார்கள்.

தனிமிதி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு கம்பிகள் பையின் அடியில் கிடந்தன. ஒன்றின் முறிவில் முக்கால் பங்கு மங்கல். அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் கருவி வாங்கிப் பல்சக்கர அடுக்கை மூன்று முறை கழற்றி மாட்டினேன். முதல் முறை 40 நிமிடம், மூன்றாவது 12. நேற்றிரவு ஒவ்வொரு கம்பியையும் விரலால் மீட்டிக் கேட்டேன். வலப்பக்கத்தில் ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தது. முறுக்கினேன், காலையில் மறுபடி மந்தம். ரிம்மைத் துணிபோட்டுத் துடைத்துப் பார்த்தபோது நிப்பிள் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு. அப்படியானால் ரிம்மையே மாற்ற வேண்டும், இல்லையா?

கோட்டமெடுப்பவர்:

ஆம், அந்த ரிம்மில் இனி ஓட்ட வேண்டாம். மாற்றும்போது 36 துளை ரிம்மும் அதற்கேற்ற அச்சுக்குடமும் போடுங்கள், உங்கள் மூட்டைக்கு அதுதான் தாங்கும். கோத்து முடித்ததும் மூட்டையோடு ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி எல்லாக் கம்பிகளையும் மீட்டிப் பாருங்கள். புதுக் கம்பி அமர்வதற்கு அவ்வளவு தூரம் பிடிக்கும்.