‘ஆள் கிடைக்கல’ன்னு சொல்றாங்களே: சிப்காட், சேதராப்பட்டு தொழிற்பேட்டை நிலவரம், மூணு ஊர்க்காரங்க பேசிக்கிறது

கடலூர் முதுநகர்:
கம்பெனிக்காரங்க ‘வேலைக்கு ஆள் கிடைக்கல’ன்னு சொல்றது நிஜமான்னு மீன் விலையை வச்சே பார்ப்போம். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினா 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வஞ்சிரம் விலை கிடுகிடுன்னு ஏறும். ஆள் பஞ்சம் நிஜம்னா சம்பளமும் அப்படித்தானே ஏறணும்? ஷிப்ட் கெமிஸ்ட் வேலைக்கு ‘சிடிசி 18,160’ன்னு (ஒரு ஆளுக்கு மாசம் கம்பெனிக்கு ஆகிற மொத்தச் செலவு) போட்டிருந்தா பிரிச்சுப் பாருங்க. மொத்தச் சம்பளம் 15,000. பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 113 பிடிச்சா கைக்கு 13,087. கம்பெனி கட்ட வேண்டிய பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்த கணக்குதான் அந்த 18,160.

சேதராப்பட்டு:
கணக்கு சரிங்கண்ணா. ‘படிச்சவன் இருக்கான், வேலை தெரிஞ்சவன் இல்ல’ன்னு இன்னொரு பேச்சு இருக்கு, அதையும் பார்ப்போம். மருந்துக் கம்பெனி கியூசி-யில், அதாவது தரப் பரிசோதனையில, எச்பிஎல்சி (மருந்துல எது எவ்வளவு இருக்குன்னு பிரிச்சுக் காட்டுற கருவி) தெரியணும், 3 வருஷ அனுபவம் வேணும்பாங்க. புதுசா வர்றவங்க எங்கே தப்பு பண்றாங்கன்னா, பாஸ்பேட் பஃபர்ங்கிற உப்புக் கரைசல் ஓடின சி18 குழாய்க்குள்ள (அந்தக் கருவியில பிரிக்கிற வேலையைச் செய்ற ‘காலம்’, column) நேரடியா அசிட்டோநைட்ரைல்ங்கிற கரைப்பானை விட்டுடுவாங்க. உப்பு உள்ளேயே படிஞ்சு அழுத்தம் ஏறும், அந்தக் குழாயே வீணாகும். முதல்ல பஃபர் இல்லாத தண்ணி 90, அசிட்டோநைட்ரைல் 10 கலவையை அரை மணி நேரம் ஓட்டணும், அப்புறம்தான் மத்தது. பஃபரை 0.45 மைக்ரான்ல வடிகட்டணும். ஸ்டாண்டர்டை (அளவு தெரிஞ்ச கரைசல்) 5 தடவை இன்ஜெக்ட் பண்ணி ஆர்எஸ்டி, அதாவது அஞ்சு முடிவுக்கும் உள்ள வித்தியாசம், 2 சதவீதத்துக்குள்ள வருதான்னு பார்க்காம சாம்பிளைத் தொடக்கூடாது. பக்கத்துல ஒரு சீனியர் நின்னு சொல்லிக் கொடுத்தா, பிஎஸ்சி கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளைக்கு இது சில வாரத்துல பிடிபடும். அந்தச் சில வாரத்தைக் கொடுக்க மனசில்லாம ‘திறமை இல்ல’ன்னு பிள்ளைங்க மேல பழி போடுறது ரொம்ப அநியாயம்.

அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துல 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாகணும். 2019 விதியில மாச உதவித்தொகை பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் 9,000, டிப்ளமோவுக்கு 8,000னு வச்சாங்க. அதுல பாதியை அரசாங்கமே திருப்பித் தருது. முடிச்சதும் வேலை கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் கிடையாது. வருஷா வருஷம் அதே நாற்காலியில புது அப்ரண்டிஸ் உட்கார்ந்தா, அங்கே வேலை இருக்கு, ஆளும் இருக்கு. நிரந்தரம்தான் இல்ல.

காலாப்பட்டு:
அமெரிக்காவிலும் இந்தப் பேச்சு பழசு. 1980-களின் கடைசியில அவங்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 6,75,000 விஞ்ஞானி, இன்ஜினியர் குறைவாங்கன்னு கணிச்சது. 22 வயசுப் பிள்ளைங்க எண்ணிக்கை குறையறதை மட்டும் பார்த்தாங்க, வேலை எத்தனை இருக்கும்னு பார்க்கல. அப்படி ஒரு பஞ்சம் வரவே இல்ல. 1992-ல அவங்க நாடாளுமன்றமான காங்கிரஸே விசாரணை வச்சுக் கேட்டுச்சு. வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்கிற எச்-1பி விசாவிலும், கொடுக்க வேண்டிய சம்பளத்துல அடிமட்டப் படி பல வருஷமா 17-ஆம் சதமானமாத்தான் இருந்துச்சு. அதாவது அந்த ஊர்ல அந்த வேலை பார்க்கிற 100 பேரைச் சம்பளப்படி கீழேருந்து நிறுத்தினா 17-ஆவது ஆள் வாங்குறது. கிடைக்காத ஆளுக்கு யாரும் அந்த விலை பேச மாட்டாங்க.

கடலூர் முதுநகர்:
இன்டர்வியூ போறவங்க மூணு கேள்வி கேட்டுடுங்க. இந்த இடம் எத்தனை மாசமா காலி? போன வருஷ அப்ரண்டிஸ்ல எத்தனை பேரை வச்சுக்கிட்டீங்க? வேலை ஆர்டர் கம்பெனி பேர்லயா, கான்ட்ராக்டர் பேர்லயா?