ஆபீஸ் கோல்ஃபுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா? 14 கிளப் வேண்டாம், 7 போதும்

கேள்வி:
டொராண்டோ வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. ஜூன்ல ஆபீஸ் கோல்ஃப் நாளாம், ஸ்கிராம்பிள் ஆட்டம்னு சொல்றாங்க. கிரிக்கெட் ஆடுவேன், கோல்ஃப் கிளப்பைத் தொட்டதே இல்ல. முழு செட் வாங்கணுமா? எதை எப்போ எடுக்கணும்? புரியற மாதிரி யாராவது சொல்லுங்க.

பதில்:
முழு செட் வாங்காதீங்க. பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது என்பதுதான் விதி. 14 இருந்தே ஆகணும்னு எங்கேயும் இல்லை. முதல் வருஷத்துக்கு 5-வுட் (பெரிய தலை, தூரத்துக்கு), 5-ஹைப்ரிட் (வுட்டுக்கும் அயர்னுக்கும் நடுவில்), 7-அயர்ன், 9-அயர்ன் (மெல்லிய இரும்புத் தலை), பிட்சிங் வெட்ஜ், 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் (கிட்டத்தில் உயர்த்தி அடிக்க), பட்டர் (குழியை நோக்கி உருட்ட). அவ்வளவுதான்.

கிளப்பின் முகம் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறதோ அதுதான் லாஃப்ட். முதல் அடியைத் தூரமாக அடிக்கும் டிரைவருக்கு 9 முதல் 12 டிகிரி, 5-வுட்டுக்கு 18 அளவில், 7-அயர்னுக்கு 30-ஐ ஒட்டி, சாண்ட் வெட்ஜுக்கு 54-56. லாஃப்ட் ஏற ஏறப் பந்து உயரமாகப் போய்ச் சீக்கிரம் விழும், தண்டும் குட்டையாகிக்கொண்டே வரும். ஒரு அயர்னுக்கும் அடுத்ததுக்கும் சுமார் 10 யார்டு வித்தியாசம். ரோட்டில் எல்லாம் கிலோமீட்டர் என்றாலும் கோல்ஃப் மைதானத்தில் இன்னும் யார்டுதான். ஃபேர்வேயில் (குட்டையாகப் புல் வெட்டிய பாதை) சிவப்புக் குறி இருந்தால் கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரை) 100 யார்டு, வெள்ளை 150, நீலம் 200. பெரும்பாலான இடங்களில் இதுதான் வழக்கம்.

பழக ஆரம்பிக்க வேண்டியது 7-அயர்னில். கால்கள் தோள் அகலம், பந்து நடுவில். கிளப் முதலில் பந்தைத் தொடணும், பிறகுதான் புல்லை. புல் பெயர்வது பந்து இருந்த இடத்தைத் தாண்டி, இலக்குப் பக்கம் நடக்கணும். புதியவர்கள் எல்லோரும் பந்தைக் கீழிருந்து தூக்கிவிடப் பார்ப்பார்கள். உடம்பு பின்காலில் சாயும், கிளப் மேலே ஏறும்போது பந்தின் தலையில் படும், பந்து தரையில் உருண்டு ஓடும். தூக்குகிற வேலையை லாஃப்ட் பார்த்துக்கொள்ளும். அடித்து முடிக்கும்போது உங்கள் எடை முன்காலில் இருக்கணும்.

டிரைவரை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். பையிலேயே நீளமான தண்டு, பட்டரை விட்டால் குறைந்த லாஃப்ட் அதில்தான். முகம் கொஞ்சம் வலப்பக்கம் திறந்து பட்டாலும் பந்து வலது பக்கம் வளைந்து மரத்துக்குள் போகும். கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது இன்னும் மோசம்: கவர் டிரைவில் பேட்டின் முகத்தைத் திருப்பாமல் பிடித்துப் பழகிய கை, கோல்ஃபிலும் அப்படியே பிடிக்கும். இங்கே பந்தைத் தாண்டும்போது முன்கை உருண்டு முகம் மூடணும்.

ஸ்கிராம்பிளில் எல்லோரும் அடித்து, அதில் நல்ல பந்து கிடக்கும் இடத்திலிருந்து எல்லோரும் அடுத்ததை அடிப்பார்கள். சில இடங்களில் ஒவ்வொருவருடைய முதல் அடியையும் குறைந்தது இத்தனை தடவை எடுத்தே ஆகணும் என்று வைப்பார்கள். அப்போது ஃபேர்வே நடுவில் 150 யார்டில் கிடக்கும் உங்கள் 5-வுட் பந்துக்கு மதிப்பு அதிகம். டிரைவரை எடுத்தே தீருவேன் என்றால் 10.5 டிகிரிக்குக் குறையாதது எடுங்க. பந்து முன்காலின் குதிகாலுக்கு நேராக, அதில் பாதி கிளப்பின் மேல்விளிம்புக்கு மேலே தெரியும்படி டீயை (பந்தை வைக்கும் குச்சி) ஊன்றுங்க.

நீளப் புல்லில் மாட்டினால் ஹைப்ரிட். 4-அயர்னின் மெல்லிய முனையில் புல் சுற்றி முகத்தைத் திருப்பிவிடும். ஹைப்ரிட்டின் அகலமான அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போகும். பந்து கண்ணுக்கே தெரியாத அளவு புல் என்றால் தூரத்தை மறந்து, வெட்ஜில் ஃபேர்வேக்குத் திரும்ப எடுங்க.

பங்கருக்கு, அதாவது மணல் பள்ளத்துக்கு, சாண்ட் வெட்ஜ்தான். அதன் அடிப்பாகம் தடித்து, பின்விளிம்பு தாழ்ந்திருக்கும். இதற்குப் பெயர் பவுன்ஸ், 10 முதல் 14 டிகிரி. மணலில் புதையாமல் சறுக்குவது அதனால்தான். பிட்சிங் வெட்ஜுக்குப் பவுன்ஸ் குறைவு, மண்வெட்டி மாதிரி இறங்கிவிடும். முதலில் முகத்தை வலப்பக்கம் திறந்து வைத்து, அதற்குப் பிறகு கிரிப்பைப் பிடிக்கணும். பந்துக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் மணலை அடித்து, சுழற்சியை நிறுத்தாமல் முடிக்கணும். பயந்து பாதியில் நிறுத்தினால் பந்து அங்கேயே கிடக்கும். அடிப்பதற்கு முன் பந்துக்குப் பின்னால் மணலைக் கிளப்பால் தொட்டால் 2 ஸ்ட்ரோக் (அடி) தண்டனை.

கிரீன் ஓரத்தில் எல்லோரும் ஆசையாக சாண்ட் வெட்ஜை எடுப்பார்கள். பந்தின் நடுவில் பட்டு கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். 9-அயர்னை எடுத்து, கால்களை ஒட்டி வைத்து, பட்டர் போலத் தள்ளுங்க. புல் குட்டையாக இருந்தால் பட்டரே போதும். பார் 72, அதாவது 72 அடியில் முடிக்கவேண்டிய மைதானக் கணக்கில் 36 பட்டிங்குக்கு (கிரீனில் பட்டரால் உருட்டுவது) ஒதுக்கியது, பயிற்சி நேரத்தையும் அப்படிப் பிரியுங்க.

இன்னொருவர்:
தம்பி, வாங்கிறதுக்கு முதல் வடிவாப் பாருங்கோ. ஹாக்கிப் பழக்கத்தால கனடாவில இடக்கை ஆட்டக்காரர் கனபேர், பழைய சாமான் விக்கிற இடத்தில இடக்கை செட்டுகளும் நிறையக் கிடக்கும். மலிவு எண்டு எடுத்துப்போட்டு முழிக்கக்கூடாது. அயர்னில பின்பக்கம் குழிவா இருக்கிறதை எடுங்கோ, நடுவில படாட்டியும் மன்னிக்கும். கிரிப் வழவழப்பா, கல்லுமாதிரி இறுகியிருந்தால் மாத்திற செலவையும் விலையோட கூட்டுங்கோ. ஷாஃப்டில (தண்டில) R, அதாவது ரெகுலர் எண்டு இருக்கவேணும். S (ஸ்டிஃப், விறைப்பானது) வேகமா வீசிற ஆக்களுக்கு. 7-அயர்ன் எண்ட நம்பரை நம்பி மற்றவையோட தூரத்தை ஒப்பிடாதேங்கோ. பழைய 7-அயர்ன் 34, 35 டிகிரி, இப்ப வாற சிலது 28. அப்பிடிப்பட்ட புது செட்டில பிட்சிங் வெட்ஜும் 43, 44 தான், 56-க்கு இடையில பெரிய வெளி விழும். பிறகு 50 டிகிரி ஒண்டு தேவைப்படும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் இடம்) பழகினால் போதுமா?

பதில்:
ரேஞ்சில் தரையில் விரித்திருக்கும் பாய் ஏமாற்றும். பந்துக்குப் பின்னாலேயே தரையில் பட்டாலும் கிளப் பாயில் வழுக்கிப் பந்தை அடித்துவிடும். புல்லில் அதே அடி மண்ணில் புதைந்து 20 யார்டுதான் போகும். விக்டோரியா பார்க் சப்வே பக்கத்திலேயே நகராட்சியின் டென்டோனியா பார்க் மைதானம் இருக்கு, எல்லாம் பார்-3, அதாவது மூன்று அடியில் முடிக்கவேண்டிய குழிகள். 9-அயர்ன், சாண்ட் வெட்ஜ், பட்டர் மூன்றோடு போங்க. ஆபீஸ் நாளுக்குக் காலர் வைத்த சட்டை. ஜீன்ஸ் ஆகுமா என்று முன்பே கேட்டுக்கோங்க.