சக்கின் பையில் இருந்த பேட்டரி: எழுத்தில் ஓட்டையா, பார்ப்பவர் கண்ணில் கோளாறா?

ஈச்சமரம்:
நேற்று மின்கம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால் இதைத் தனியாகவே தொடங்குகிறேன். அவர் சொன்னது இதுதான்: 'பெட்டர் கால் சால்' டிவி சீரிஸின் மூன்றாம் சீசன் ஐந்தாவது எபிசோடில், வழக்கறிஞர் ஜிம்மி மீது வழக்கறிஞர் மன்ற விசாரணை நடக்கும் எபிசோடில், எழுத்தில் பெரிய ஓட்டை உள்ளது, ஜிம்மியின் அண்ணன் சக்காக வரும் மைக்கேல் மெக்கீன் நடித்து அதை மூடிவிட்டார், மற்றபடி 'பிரேக்கிங் பேட்' பக்கத்தில் நிற்கக்கூட இந்த முன்கதைக்குத் தகுதியில்லை. காரணமாக அவர் காட்டுவது பேட்டரி. படிக்கட்டில் ஜிம்மியின் ஆள் ஹ்யூல் இடித்துக்கொண்டு போகும்போது சக்கின் கோட்டுப் பையில் செல்போன் பேட்டரியைப் போட்டுவிடுகிறான், அது 1 மணி 43 நிமிடம் அங்கேயே இருக்கிறது, மின்சாரம் என்றாலே உடம்பு எரிகிறது என்று சொல்லும் சக்குக்கு எதுவும் தெரியவில்லை. ஜிம்மி அதை எல்லோர் முன்னாலும் வெளியே எடுக்கவைக்கிறான். இதில் என்ன ஓட்டை என்று மின்கம்பி இங்கே வந்து சொல்லட்டும்.

மின்கம்பி:
அங்கேயே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். எதனோடும் இணைக்காத பேட்டரியில் மின்னோட்டம் இருக்காது. சுற்று மூடவில்லை. சக் பயப்படுவது மின்னோட்டத்துக்கு. அப்படியானால் அந்தப் பேட்டரி அவர் பையில் ஒரு வாரம் கிடந்தாலும் அவர் எதையும் உணரத் தேவையில்லை, அவருடைய நோய் உண்மையாகவே இருந்தாலும்கூட! ஜிம்மி எதையும் நிரூபிக்கவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்த இத்தனை சட்டம் படித்தவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்று எழுதியது சோம்பேறித்தனம்.

ஈச்சமரம்:
ஜிம்மி இயற்பியல் பரீட்சை எழுதவில்லை. நோயின் விதிகளை வகுத்தது சக். தூரம் கூடக் கூட பாதிப்பு குறையும் என்று அதே அறையில் பாடம் நடத்துவது சக். ஜிம்மி போனை நீட்டியதும், இதில் பேட்டரி இல்லை, அதனால்தான் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பெருமையாகச் சொல்வதும் சக். அவருடைய கணக்கில் ஆபத்து பேட்டரியில்தான் இருக்கிறது. அவர் கணக்கை வைத்தே அவரை மடக்குகிறான் தம்பி.

மின்கம்பி:
பேட்டரி இல்லாத போனில் மின்னோட்டம் இல்லை, சரி. போன் இல்லாத பேட்டரியிலும் மின்னோட்டம் இல்லை. இரண்டும் ஒன்றுதான். சக் போன்ற மூளைக்காரர் ஒரே வாக்கியத்தில் இதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சுற்று மூடவில்லை என்று நாலு வார்த்தைகூட வேண்டாம், இரண்டே போதும்.

நடுநிசி:
இரண்டு பேரும் பேட்டரியை விடுங்கள். முதல் மூன்று சீசனும் நகரவே இல்லை, அதைப் பேசுங்கள். ஒருவர் காபி போடுவதையும் இன்னொருவர் காரைப் பிரித்துப் போடுவதையும் பத்து நிமிடம் காட்டினால் அதற்குப் பெயர் எழுத்தா?

ஈச்சமரம்:
நடுநிசி, முன்னாள் போலீஸ்காரர் மைக் தன் காரைத் துண்டு துண்டாகப் பிரித்து, கடைசியில் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும் கண்காணிப்புக் கருவியைக் கண்டுபிடிக்கும் காட்சியில் வசனமே கிடையாது. அந்த மனிதர் எப்படி யோசிப்பார் என்பது அவர் கைகளிலேயே தெரிகிறது. அது உங்களுக்கு அலுப்பாக இருந்தால் சண்டைக் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிப் பாருங்கள்.

மின்கம்பிக்கு வருகிறேன். சக் ஏன் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை என்கிறீர்கள். காட்சியை மறுபடி பாருங்கள். பையில் கை விட்டதும் விரல் நுனியால் ஏதோ செத்த எலியைத் தூக்குவது போல எடுத்துப் போடுகிறார். தெரிந்த பிறகுதான் அவருக்கு அருவருப்பு வருகிறது, 1 மணி 43 நிமிடம் வராதது! அந்தக் கணத்தில் அவரே தன்னைப் பற்றிய உண்மையைப் பார்க்கிறார், அதனால்தான் வாய் அடைத்துப்போகிறது. உங்கள் மின்சுற்று விளக்கம் அவருக்குத் தோன்றாதது எழுத்தாளரின் பிழையாகாது, அவர் நொறுங்கிவிட்டார் என்பதற்கு அதுதான் சாட்சி. இதை எழுதியவர் கார்டன் ஸ்மித், முதல் சீசனில் மைக்கின் மகன் கதையைச் சொன்ன எபிசோடை எழுதிய அதே ஆள். சோம்பேறி என்று அவரைச் சொல்ல கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மின்கம்பி:
யார் எழுதினால் என்ன, சுற்று மூடவில்லை.

கிம்கட்சி:
எனக்கு மின்சாரம் தெரியாது, ஆனால் இந்த எபிசோடைப் பற்றிப் பேசும்போது யாருமே ஜிம்மி பக்கம் நிற்கும் வழக்கறிஞர் கிம்மைச் சொல்லாதது ஏன் என்று புரியவில்லை. சக் கத்திக்கொண்டிருக்கும்போது கிம்மாக வரும் ரியா சீஹார்ன் முகத்தைக் கவனித்தீர்களா? ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அதில் இல்லை. கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறார். 'பிரேக்கிங் பேட்' கதையில் இல்லவே இல்லாத ஒரு பாத்திரத்தை உருவாக்கி, இவருக்கு என்ன ஆகப்போகிறதோ என்று ஆறு சீசன் நம்மைப் பதற வைத்ததுதான் இந்த சீரிஸின் சாதனை. ரியா சீஹார்னுக்கு அமெரிக்க டிவி விருதான எம்மியின் முதல் பரிந்துரை வந்ததே 2022-இல்தான், நினைத்தாலே கோபம் வருகிறது.

பழைய ரசிகன்:
எம்மி பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். 53 பரிந்துரை, ஒரு வெற்றிகூட இல்லை. 'பிரேக்கிங் பேட்' 16 வாங்கியது. இத்தனை வருடமாக இத்தனை பேர் தப்பாகவே ஓட்டுப் போட்டார்களா? மூலக்கதை மூலக்கதைதான், முன்கதை முன்கதைதான்.

ஈச்சமரம்:
விருதுக் கணக்கை வைத்து எழுத்தை அளப்பவரோடு எனக்கு வாதமே இல்லை. மூன்றாம் சீசன் போட்டியிட்ட 2017-இல் துணை நடிகர் பரிந்துரைப் பட்டியலில் மெக்கீன் பெயர்கூடக் கிடையாது. அந்த விசாரணைக் காட்சியைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்கவில்லை என்றால் தேர்ந்தெடுத்தவர்களைப் பற்றித்தான் கேள்வி கேட்க வேண்டும். நகைச்சுவையில் பெயர் வாங்கிய மெக்கீனையும் அதே வழியில் வந்த பாப் ஓடன்கிர்க்கையும் எதிரெதிரே நிறுத்தி, அண்ணன் தம்பிப் பகையை இந்த ஆழத்துக்குக் கொண்டுபோனதை வேறு எந்த சீரிஸில் பார்த்தீர்கள், சொல்லுங்கள்.

பழைய ரசிகன்:
நடிப்பு என்று பேசுகிறீர்கள், மைக் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டீர்கள். கதை 2002-இல் தொடங்குகிறது. ஜொனாதன் பேங்க்ஸ் பிறந்தது 1947. 2015-இல் முதல் சீசன் வந்தபோது அவருக்கு வயது 68. 'பிரேக்கிங் பேட்' கதையில் இருப்பதைவிட ஆறு வருடம் இளையவராக வர வேண்டியவர், அதைவிட மூத்தவராகத் தெரிகிறார். இதைப் போன தடவை கேட்டபோது ஈச்சமரம் எனக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நான் மறக்கவில்லை.

ஈச்சமரம்:
ரசனை இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். இறந்த மகனைப் பற்றி மருமகளிடம் அவர் உடைந்து பேசும் காட்சியில் உங்களுக்குச் சுருக்கம்தான் கண்ணில் பட்டது என்றால் நான் என்ன செய்ய?

பழைய ரசிகன்:
பார்த்தீர்களா, கேள்விக்குப் பதில் வரவில்லை, என் மேல்தான் பாய்கிறார்.

மின்கம்பி:
எல்லோரும் ஈச்சமரத்தின் பேச்சில் வேறு பக்கம் போகிறீர்கள், அவருக்கும் அதுதான் வேண்டும். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மின்னோட்டமே இல்லாத ஒரு பொருளை வைத்து மின்னோட்ட ஒவ்வாமை பொய் என்று எப்படி நிரூபிக்க முடியும்?

ஈச்சமரம்:
நிரூபணம் வேண்டுமா? அதை முதல் சீசனிலேயே கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் செய்தித்தாளை எடுத்த விவகாரத்தில் போலீஸ் டேசரால், அதாவது மின்னதிர்ச்சித் துப்பாக்கியால் சுட்டு சக்கை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மருத்துவர் அவரோடு பேசிக்கொண்டே, அவர் பார்க்காமல் கட்டிலின் மின்விசையைப் போடுகிறார். சக்கிடம் சலனமே இல்லை. அது நிஜமான மின்னோட்டம், உங்கள் சுற்று அங்கே நன்றாகவே மூடியிருக்கிறது! அதே சீசனில் வழக்கு வேலையில் மூழ்கி, ஒரு பெட்டியை எடுப்பதற்காகப் போர்வைகூட இல்லாமல் தெருவில் நிற்கும் கார் வரை நடந்து போய்விடுகிறார், தான் வெளியே நிற்பதே அவருக்கு உறைக்கவில்லை. ஆக நோய் மனதில்தான் என்பது பார்க்கும் நமக்கும் தெரியும், ஜிம்மிக்கும் தெரியும். தெரியாதவர் சக் ஒருவர்தான். பேட்டரி வந்தது அவருக்காக. கூடவே ஜிம்மி வேண்டுமென்றே வரவழைத்து அந்த அறையில் உட்கார வைத்திருந்த அவருடைய முன்னாள் மனைவி ரெபேக்காவுக்காக.

மின்கம்பி:
அப்படியென்றால் இன்னும் மோசம். நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை மூன்றாம் சீசனில் தவறான சோதனையால் மறுபடி காட்டினார்கள். சரியான சோதனை ஏற்கெனவே கையில் இருக்கும்போது தவறானதை ஏன் எடுக்க வேண்டும்? ஓடும் கைக்கடிகாரத்தைப் பையில் போட்டிருந்தால் சுற்று மூடியிருக்கும். ஒரு வரி மாற்றினால் போதும். அதைச் செய்யாததைத்தான் சோம்பேறித்தனம் என்கிறேன்.

நடுநிசி:
கடிகாரம் நல்ல யோசனை.

ஈச்சமரம்:
கடிகாரத்துக்கு அங்கே என்ன வேலை? ஜிம்மி போனை வெளியே எடுக்கிறான், சக் அதில் பேட்டரி இல்லை என்கிறார், அப்படியானால் பேட்டரி எங்கே என்ற கேள்வி அறையிலேயே தொங்குகிறது, பதில் சக்கின் நெஞ்சருகே இருக்கிறது. தன் அறிவால் ஜிம்மியைப் பிடித்துவிட்டோம் என்று நினைக்கும் அதே நொடியில் அவர் விழுகிறார். இந்தக் கட்டுமானத்தைக் கடிகாரத்தால் செய்ய முடியாது.

இன்னொன்று. எல்லோரும் பேட்டரிதான் சக்கை உடைத்தது என்று பேசுகிறீர்கள். பேட்டரி வெளியே வந்த பிறகும் வழக்கு ஜிம்மிக்கு எதிராகத்தான் நிற்கிறது, அவன் அண்ணன் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிநாடாவை அழித்ததற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். மன்றத்தின் வழக்கறிஞர் எழுந்து, சக்கின் மனநோய் இந்த வழக்குக்குத் தேவையில்லாத விஷயம், அவருக்கு ஸ்கிசோஃப்ரீனியாவே இருந்தாலும் ஜிம்மி செய்தது செய்ததுதான் என்ற தோரணையில் பேசுகிறார். அந்த ஒரு சொல் சக்கைக் குத்துகிறது. தனக்கு ஆதரவாகப் பேசியவர் வாயிலிருந்து வந்த சொல்! அங்கிருந்துதான் 1216 என்ற எண், ஜிம்மி ஆவணத்தில் மாற்றிவைத்த முகவரி, சின்ன வயதில் கல்லாவிலிருந்து திருடியது என்று பத்து வருடம், இருபது வருடம் அடக்கி வைத்த வயிற்றெரிச்சல் அத்தனையும் கொட்டுகிறது. கேமரா மெல்ல மெல்ல முகத்துக்குள் போகிறது. பேசி முடித்து, எதிரே இருப்பவர்களின் முகங்களைப் பார்த்து, தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்து மெக்கீன் அடங்கும் அந்தச் சில நொடி இருக்கிறதே, அதை எழுத்து இல்லாமல் எந்த நடிகராலும் செய்ய முடியாது. நடிப்பு எழுத்தைக் காப்பாற்றியது என்று சொல்பவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மின்கம்பி:
நீளமாக எழுதினால் சுற்று மூடிவிடாது.

குளிர்காற்று:
சக்குக்கு அப்புறம் என்ன ஆகிறது என்று தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள், நான் மூன்றாம் சீசன் நடுவில்தான் இருக்கிறேன். ஏற்கெனவே இங்கே பாதிக் கதை போய்விட்டது.

ஈச்சமரம்:
சீரிஸ் 2022 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. விவாதம் என்று தெரிந்தே உள்ளே வந்துவிட்டு ஸ்பாய்லர் என்று சொல்வது சரியில்லை.

கிம்கட்சி:
அதற்காக இப்படிப் பேச வேண்டுமா? குளிர்காற்று மரியாதையாகத்தான் கேட்டார். ஈச்சமரம் எப்போதும் இதையே செய்கிறார், ஒருவருக்குத் தெரியவில்லை என்றால் சொல்லிக் கொடுக்காமல் துரத்துகிறார். ஆறாம் சீசனில் கிம் பேருந்தில் உட்கார்ந்து அழும் காட்சியைப் பற்றி நான் எழுதியபோதும் ஒரே வரியில் தள்ளிவிட்டார். ரியா சீஹார்ன் அந்தக் காட்சியில் செய்ததைவிடப் பெரிய நடிப்பு இரண்டு சீரிஸிலும் சேர்த்துக் கிடையாது, மெக்கீன் உட்பட.

ஈச்சமரம்:
மெக்கீன் உட்பட என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பேருந்துக் காட்சி அருமை, ஆனால் அதற்கு வின்ஸ் கில்லிகனின் இயக்கமும் துணை நின்றது. விசாரணை அறையில் மெக்கீன் வெறும் நாற்காலியில் உட்கார்ந்து செய்தார்.

கிம்கட்சி:
கிம்மும் உட்கார்ந்துதான் இருக்கிறார். ஒரு வசனம்கூட இல்லாமல்.

பழைய ரசிகன்:
மைக்கின் வயதுக்கு இன்னும் பதில் வரவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பி:
என் கேள்விக்கும்தான். ஈச்சமரம் சொல்லும் வாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டாலும், மன்றத்தில் ஒருவர்கூட எழுந்து இதை ஆட்சேபிக்கவில்லை என்பது இடிக்கிறது. ஜிம்மிக்குக் கிடைத்தது ஒரு வருட இடைநீக்கம். நிரந்தரமாகத் தொழிலை இழக்க வேண்டியவன் ஒரு வருடத்தில் தப்பினான், எதனால்? பேட்டரியால். அதனால் பேட்டரி சரியாக இருந்திருக்க வேண்டும்.

ஈச்சமரம்:
பேட்டரியால் இல்லை, சக்கின் வாயால். மேலே இதைத்தான் எழுதினேன். சகோதரன் மேல் இவ்வளவு வன்மம் வைத்திருக்கும் சாட்சியின் பேச்சுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று மன்றத்துக்குத் தோன்றியது, அவ்வளவுதான். பேட்டரியே இல்லாமல் அந்தப் பேச்சு மட்டும் நடந்திருந்தாலும் தீர்ப்பு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மின்கம்பி:
ஆக, பேட்டரி தேவையே இல்லை என்கிறீர்கள். நான் சொல்ல வந்ததும் அதுதானே.

ஈச்சமரம்:
நான் சொன்னதைத் திருப்பாதீர்கள். தீர்ப்புக்குத் தேவையில்லை, சக்குக்குத் தேவை. அந்த எபிசோடு சுவரில் எரியும் வெளியேறும் வழிப் பலகையில் போய் முடிகிறது. அது ஆரம்பத்திலிருந்தே எரிந்துகொண்டிருக்கிறது, அதில் மின்னோட்டம் ஓடுகிறது, சக் இப்போதுதான் அதைப் பார்க்கிறார். எழுதியவர்களுக்கு மின்னோட்டம் தெரியாது என்று இதற்குப் பிறகும் சொல்கிறீர்களா?

மின்கம்பி:
பலகை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், பலகையில் சுற்று மூடியிருக்கிறது. பேட்டரியில் மூடவில்லை. மின்னோட்டம் தெரிந்தவர்கள்தான் என்றால் குற்றம் இன்னும் பெரிது. அப்புறம், சீசன் கடைசி எபிசோடில் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் சுற்றுகிறதே, சுவரையெல்லாம் உடைத்துத் தேடுகிறாரே, அந்த மின்சாரம் எங்கே போகிறது? அதையும் கொஞ்சம் விளக்குங்கள்.

குளிர்காற்று:
சொல்லாதீர்கள் என்றுதானே கேட்டேன்!

ஈச்சமரம்:
மீட்டர் வேறு கதை, அதிலும் உங்களுக்குத் தப்பாகத்தான் புரிந்திருக்கிறது. இரவு வந்து எழுதுகிறேன், அதற்குள் அந்த எபிசோடை ஒரு தடவை முழுசாகப் பார்த்து வையுங்கள்.

மின்கம்பி:
பார்த்தாயிற்று. நீங்கள் எழுதுங்கள்.