புதுசாக வெளிநாடு போயிருக்கும் நம்ம ஏரியாப் பிள்ளைகளுக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் லண்டன், டப்ளின், துபாய், சிங்கப்பூர், டல்லாஸ் என்று ஆளுக்கொரு பக்கம் போயிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரிலும் அப்புறம் இங்கிலாந்திலும் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவள். அதனால் உங்கள் அம்மாக்கள் போனை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வருகிறார்கள். "இந்த வீடியோ நிஜமா பாரும்மா, எம் புள்ள இருக்கிற ஊர்னு போட்டிருக்கு" என்பார்கள். எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் அடியில் இருக்கிற பயம் ஒன்றுதான்: அந்த ஊர்க்காரர்கள் நம் பிள்ளைகளை வெறுக்கிறார்களா? இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. கூடவே போன், பேப்பர், ஓட்டு என்று ஒட்டி வருகிற விஷயங்களும் இருக்கின்றன.

மழுப்பாமல் சொல்கிறேன், வெறுப்பு இருக்கிறது. சமீப வருஷங்களில் அது கூச்சம் விட்டு வெளியே வந்திருக்கிறது. 2025 ஜூலையில் அயர்லாந்தில், டப்ளின் பக்கத்தில் டாலா என்ற இடத்தில் ஓர் இந்தியரைக் கும்பலாக அடித்துத் துணியை உருவினார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி அங்குள்ள இந்தியத் தூதரகம், ஆள் நடமாட்டமில்லாத இடங்களுக்கு நேரங்கெட்ட நேரத்தில் போகாதீர்கள் என்று அறிவிப்பு விட்டது. அதே மாதம் 31ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் பெரிய நகரங்களில் குடியேற்றத்தை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அதற்கு அடித்த நோட்டீசில் இந்தியர்களைப் பெயர் சொல்லியே குறி வைத்திருந்தார்கள். செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், அங்கே வேலை பார்க்க வாங்குகிற எச்-1பி விசாவுக்கான புது மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று உத்தரவு போட்டார்.

இந்த மூன்றையும் ஒரே பயமாகச் சுருட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். முதலாவது தெருக் குற்றம். அதற்குப் போலீஸ் புகார், இரவில் வரும் வழி, கூட ஒரு ஆள் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது அரசியல், அந்த ஊர் அரசாங்கமே அதைக் கண்டித்தது. மூன்றாவது சட்டம். சட்டம் என்றால் யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று வரி வரியாகப் படித்தாக வேண்டும். அந்தக் கட்டண உத்தரவு செப்டம்பர் 21க்குப் பிறகு, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் போடும் புது மனுக்களுக்குத்தான். ஏற்கெனவே விசாவோடு அங்கே இருந்தவர்களின் நீட்டிப்புக்கு இல்லை. டல்லாஸ் பையனின் அப்பா டி.வி.யில் அந்தத் தொகையை ரூபாயில் பார்த்துவிட்டு, ரத்தக்கொதிப்பு ஏறி ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டார். பையனுக்கு அந்த உத்தரவால் ஒரு டாலர் செலவும் இல்லை. அவன் அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டு இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

நீங்கள் இருக்கும் நாட்டில் எது நடந்தாலும் அது காசிமேட்டுக்கும் கொருக்குப்பேட்டைக்கும் உங்களுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, அதுவும் உப்பு காரம் சேர்த்து. 2024 ஆகஸ்ட் இங்கிலாந்துக் கலவரம் எப்படி ஆரம்பித்தது? ஜூலை 29 அன்று சவுத்போர்ட்டில் சின்னப் பெண் குழந்தைகளைக் கத்தியால் குத்தினான் ஒருவன். அவன் படகில் வந்திறங்கிய அகதி என்று, இல்லாத ஒரு பெயரையும் சேர்த்து யாரோ கிளப்பிவிட்டார்கள். உண்மையில் அவன் பிறந்ததே பிரிட்டனில் இருக்கிற கார்டிஃபில். உண்மை வருவதற்குள் ஊர் ஊராகக் கடைகளை உடைத்தார்கள், அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைத்தார்கள். ஆகஸ்ட் 7ஆம் தேதி இரவு, இதையெல்லாம் எதிர்த்து லண்டன் வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கான பேர் தெருவில் வந்து நின்றார்கள். நிறைய வெள்ளைக்காரர்களும்தான். எரிகிற ஹோட்டல் வீடியோ எங்கள் தெருவில் எல்லார் போனிலும் இருந்தது. இரண்டாவது கூட்டத்தின் வீடியோ ஒருவர் போனிலும் இல்லை. வெறுப்பைக் காட்டினால் கூடுதல் நேரம் பார்க்கிறோம் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிற கம்பெனிகள், நாம் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் பத்திரமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்காக இங்கே ஒரு தாய் தூங்காமல் கிடக்கிறாள்.

இதே கதை நம்ம ஊரிலும் நடந்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, வேறு எதற்கோ நடந்த சண்டைகளை எடுத்து ஒட்டியிருந்தார்கள். பொய் என்று தமிழ்நாடு போலீஸ் சொல்லிப் பார்த்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போனது. அதற்குள் பல பேர் வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டார்கள். மணலிப் பக்கம் வேலை பார்த்த ஒரு பையன் எங்கள் தெரு மளிகைக் கடையில் நின்று அம்மாவிடம் போனில் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு இந்தி அரைகுறை; ஆனால் "நான் நல்லா இருக்கேன்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னது புரிந்தது. கடைக்காரர் போனை வாங்கி, தமிழும் இந்தியும் கலந்து தைரியம் சொன்னார். நீங்கள் இப்போது அந்தப் பையன் இருந்த இடத்தில் இருக்கிறீர்கள்.

அதனால் ஒன்றை உரிமையோடு கேட்கிறேன். 'வடக்கன்' என்று கிண்டல் செய்யும் மீம்களை உங்கள் குரூப்பிலிருந்து அனுப்பாதீர்கள். டப்ளினில் உங்களைப் பார்த்துத் 'திரும்பிப் போ' என்று கத்துகிறவன் சொல்வதும், சென்ட்ரலில் மூட்டையோடு இறங்குகிற ஒடிசாப் பையனைப் பார்த்து நாம் சொல்வதும் ஒன்றேதான்: கூட்டமாக வருகிறார்கள், சுத்தம் இல்லை, நம் வேலையைப் பிடுங்குகிறார்கள். நம்ம ஏரியாவே வந்தவர்களால் நிறைந்தது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணிகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியதும், அங்கே தலைமுறையாக இருந்த தமிழர்கள் கையை வீசிக்கொண்டு கப்பலேறி வந்தார்கள். பர்மா பஜாரும், வியாசர்பாடிப் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கிற கடைகளும் அவர்களால் வந்தவைதான். அவர்களையும் ஒரு காலத்தில் யாரோ முறைத்துப் பார்த்திருப்பார்கள்.

விலாசத்தை வைத்து ஆளை எடை போடுவது நமக்குப் புதுசா என்ன? வட சென்னை என்று சொன்னதும் தெற்கே வாடகை வீட்டுக்காரர் முகம் மாறும். வேலைக்குப் போன இடத்தில் "ஓ, அந்த ஏரியாவா" என்பார்கள். சினிமாவில் நம்ம தெரு வந்தால் கூடவே அரிவாளும் வரும். நாம் அதற்காக ராயபுரத்தை விட்டுக்கொடுத்ததும் இல்லை, தெற்கில் இருப்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று ஒதுங்கியதும் இல்லை. அந்தப் பழக்கம் உங்களுக்கு அங்கே கைகொடுக்கும். ஒருத்தன் முகத்தைச் சுளித்தால் அது அவனோடு போகட்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பெயர் சொல்லிப் பேசுங்கள். கை வைத்தாலோ, வேலையில் இனத்தைச் சொல்லி ஒதுக்கினாலோ மட்டும் சும்மா விடாதீர்கள். தேதி, நேரம், என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வைத்துப் புகார் கொடுங்கள்.

அடுத்து, நீங்கள் பேசுவது. இங்கே டீக்கடையில் நின்று முதலமைச்சரில் ஆரம்பித்து பிரதமர் வரை கிழித்துத் தொங்கவிட்டு, டீக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தச் சுதந்திரத்தை எல்லா ஊரிலும் எதிர்பார்க்க முடியாது. 2019 டிசம்பரில் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து, சிங்கப்பூரில் மெரினா பே சாண்ட்ஸ் அருகே அட்டையோடு நின்று படம் போட்டார் ஓர் இந்தியர். அனுமதியில்லாமல் பொதுப் போராட்டம் என்று அவர் மீது போலீஸ் விசாரணை வந்தது. துபாயில் வாட்ஸ்அப்பில் ஒருவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினாலே 2021ஆம் வருஷத்து சைபர் குற்றச் சட்டத்தில் மாட்டலாம். அடுத்தவரைக் கேட்காமல் போட்டோ எடுப்பதும் அப்படித்தான். நம் ஆட்கள் கோபத்தில் வாய்ஸ் நோட் அனுப்புவதில் கில்லாடிகள். ரூமில் சண்டை வந்தால் முகத்துக்கு நேரே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், பதிவாகிற எதிலும் வேண்டாம்.

அமெரிக்கா தன் பங்குக்கு போனுக்குள்ளேயே வந்துவிட்டது. 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்களும், டிசம்பர் 15 முதல் எச்-1பியும், அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 விசாவும் கேட்பவர்களும் சமூக வலைத்தளக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும். பல பேர் பயந்துபோய் எல்லாவற்றையும் அழிக்கிறார்கள். படிவத்தில் ஐந்து வருஷக் கணக்குப் பெயர்களைக் கேட்கிறார்கள். அதில் ஒன்றை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒரு நாட்டுக்கு வர வேண்டுமென்றால் அரசியல் கருத்தே சொல்லக் கூடாது என்ற நிலை வருவது சரியில்லை என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் தேர்தல் சூட்டில் எவனோ எழுதியதை ஷேர் செய்த பழக்கத்துக்கு உங்கள் விசா விலையாகிவிடக் கூடாது.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. பிளாஸ்டிக் விசா அட்டை காலமெல்லாம் 2024 டிசம்பரோடு போய்விட்டது, இப்போது எல்லாம் இணையக் கணக்கில் இருக்கிற இ-விசா. வீட்டுக்காரருக்கும் முதலாளிக்கும் விசாவைக் காட்ட அதிலிருந்து ஷேர் கோடு என்கிற குறியீட்டை எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் மாற்றினால் அந்தக் கணக்கில் புது எண்ணை உடனே ஏற்றுங்கள், இல்லையென்றால் மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்டரிலேயே பேஜார்.

எங்கே போயிருந்தாலும் இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். ஆதார், வங்கி ஓ.டி.பி. எல்லாம் அதில்தான். இங்கே இருக்கிற சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்வது சட்டம், தள்ளிப் போடாதீர்கள். படிவங்களை ஏ.ஐ.யிடம் கொடுத்து நிரப்பாதீர்கள். கடிதத்தின் ஆங்கிலத்தைத் திருத்த அது நல்ல துணை. வேலை சேர்ந்த தேதியையும் பழைய விலாசத்தையும் அது ஊகித்து எழுதிவிட்டால் மாட்டுவது நீங்கள்.

அதே ஏ.ஐ.யை வைத்து இப்போது உங்கள் குரலிலேயே உங்கள் அம்மாவுக்குப் போன் வரலாம். "அம்மா, போலீஸ் புடிச்சிருச்சு, உடனே பணம் அனுப்பு" என்று அழுகிற குரல். காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதற்கு நல்ல வழி செய்திருக்கிறது. எப்போதோ விற்றுவிட்ட படகின் பெயரை வீட்டுக்குள் ரகசிய வார்த்தையாக வைத்திருக்கிறார்கள். பணம் கேட்டு யார் குரலில் போன் வந்தாலும் அந்த அம்மா முதலில் படகு பேரைக் கேட்பார். நீங்களும் இந்த வாரமே ஒன்று முடிவு செய்யுங்கள், ஆனால் அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடிக்க வேண்டும் என்று வீட்டுக் காலண்டரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னும் கிளம்பாத தம்பிகள் இதைப் படித்தால்: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கம்போடியாவில் கால் சென்டர் என்று டெலிகிராமில் வருகிற வேலைகள் பக்கம் தலை வைக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பையன்கள் பலர் அப்படிப் போய், மியான்மர் எல்லையில் அடைபட்டு, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடி வாங்கியிருக்கிறார்கள். ஏஜென்ட் பெயர், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது.

கடைசியாக ஓட்டு. 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேலான பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அதில் பெரும் பங்கு இடம் மாறியவர்கள் என்ற கணக்கு. உங்களில் பல பேர் அதில் போயிருப்பீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்காத வரைக்கும் ஓட்டுரிமை உங்களுடையதுதான். அதற்குப் படிவம் 6ஏ இருக்கிறது, இணையத்திலேயே நிரப்பலாம். பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய விலாசத்தை வைத்து ராயபுரமா, ஆர்.கே. நகரா, பெரம்பூரா என்று தொகுதி அமையும். போட்டோ பக்கம், விலாசப் பக்கம், விசா பக்கம் மூன்றின் நகலும் வேண்டும். தபால் ஓட்டு உங்களுக்கு இன்னும் கிடையாது. அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போட வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்னால் பட்டியலில் பெயர் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.