காசநோயாளியைப் பதிவு செய்யத் தனியார் மருத்துவர் தயங்கலாமா?

சிற்றூர் மருத்துவர்:
இருபது ஆண்டுகளாகக் கிளினிக் நடத்துகிறேன். காசநோயாளி ஒவ்வொருவரையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை 2012 மே மாதம் வந்தது. 2018 மார்ச் அரசிதழ் அறிவிப்புக்குப் பிறகு, காசநோயாளிகளுக்கான அரசு இணையப் பதிவேடான நிக்ஷய் தளத்தில் பதியாத மருத்துவர் சிறைக்கே போக நேரலாம். வைத்தியம் பார்ப்பவனை மிரட்டி வேலை வாங்குவது என்ன நியாயம்? சென்ற ஆண்டு ஓர் இளம்பெண்ணைப் பதிவு செய்தேன். நான்காம் நாள், சீருடையில் வந்த அரசுக் காசநோய்ப் பணியாளர் ஒருவர் தெருமுனை டீக்கடையில் அவள் பெயரைச் சொல்லி வீடு கேட்டிருக்கிறார். கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். அதன் பிறகு அவள் என்னிடம் வரவே இல்லை. மாத்திரையைத் தொடர்ந்தாளா என்றும் தெரியாது. இப்போது பதிவுப் படிவத்தைத் திறந்தாலே கை நின்றுவிடுகிறது.

களப்பணியாளர்:
டாக்டர் ஐயா, டீக்கடையில் நடந்தது பெரும் தவறு. அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் பதியாமல் விட்டால் என்ன ஆகிறது என்பதை நான் வீடு வீடாகப் பார்க்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு லாரி ஓட்டுநர். தனியார் சீட்டில் இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார், இருமல் நின்றதும் விட்டுவிட்டார். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாததால் அவரைத் தேடிப் போக ஆள் இல்லை. எட்டு மாதம் கழித்து அவர் சளியைக் கிருமியின் மரபணுவைச் சோதிக்கும் ட்ரூநாட் கருவியில் வைத்தபோது, காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யாத கிருமி. அதற்குள் பேரப்பிள்ளைக்கும் தொற்றிவிட்டது. அவர் பதிவாகியிருந்தால் வீட்டில் உள்ள எல்லோரையும் அப்போதே பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்திருப்போம்.

மருந்துக்கடைக்காரர்:
2014 முதல் காசநோய் மருந்துகளுக்கு எச்1 பதிவேடு, அதாவது யாருக்கு, எந்த மருத்துவர் சீட்டில் விற்றோம் என்ற தனிக் கணக்கு, எழுதுகிறேன். சட்டப்படி நாங்களும் தகவல் தர வேண்டியவர்கள்தான். என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. மூன்று வாரமாக இருமுபவருக்கு, சளிப் பரிசோதனையே இல்லாமல் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிய சீட்டுகள் இன்றும் வருகின்றன. காய்ச்சல் தற்காலிகமாகத் தணியும், காசநோய் உள்ளே மறைந்துகொள்ளும். பதிவைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னால் சளிக் குப்பியை நோயாளி கையில் கொடுங்கள் டாக்டர்.

சிற்றூர் மருத்துவர்:
சளிப் பரிசோதனை விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் நான் முதலில் கேட்பதே அதைத்தான். ஆனால் 2024 தொடக்கத்தில் அரசு மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தபோது நோயாளிகள் என் வாசலில்தான் நின்றார்கள். பதிவு கேட்கும் அரசு, மருந்து தடையில்லாமல் கிடைக்கும் என்ற உறுதியையும் தர வேண்டாமா?

களப்பணியாளர்:
கட்டாயம் தர வேண்டும். அந்த வாரங்களில் வெறுங்கையோடு நோயாளி முகத்தைப் பார்த்தவன் நான். ஆனாலும் எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்ற கணக்கு குறைந்தால் அடுத்த கொள்முதலும் குறையும். நீங்கள் மறைக்கும் பத்துப் பேர் மருந்துக் கணக்கிலும் இருக்க மாட்டார்கள். இன்னொன்று: தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் உடல் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலேயே பலர் இறந்துவிடுவதால் வந்த ஏற்பாடு இது. உங்கள் கிளினிக்கில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பவருக்கும் இது கிடைக்க வேண்டாமா?

குணமானவள்:
ஆறு மாதம் மாத்திரை விழுங்கியவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் மருத்துவர் பதிவதற்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டு, "யார் வருவார்கள், எதற்கு வருவார்கள்" என்று விளக்கினார். வீட்டுக்கு வர வேண்டாம், கைப்பேசியில் அழைத்தால் போதும் என்றேன். அதையும் குறித்து அனுப்பினார். அழைத்த அக்காவும் மாமியார் எடுத்தபோது நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஊட்டச்சத்துக்காக அப்போது மாதம் 500 ரூபாய் வந்தது, 2024 நவம்பர் முதல் 1000 ஆக்கியிருக்கிறார்கள். முட்டைக்கும் பயறுக்கும் அந்தப் பணம் உதவியது.

சிற்றூர் மருத்துவர்:
அம்மா, கதவைச் சாத்திப் பேசிய அந்த ஐந்து நிமிடத்தை நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. அது என் பிழை. தண்டனைச் சட்டத்தை இன்னும் எதிர்க்கிறேன். களப்பணியாளரே, வீட்டுக்கு வராமல் கிளினிக்கிலேயே நோயாளியைச் சந்திக்க உங்கள் பிரிவில் இடம் உண்டா?

களப்பணியாளர்:
உண்டு ஐயா. நோயாளி எந்த இடம் சொல்கிறாரோ அங்கே வருகிறேன், சீருடை இல்லாமல்.