தேதி, நேரம்: சர்வருக்கும் திரைக்கும் ஒரே ஃபார்மேட் வைத்ததால் நாட்டுக்கு ஒரு பிழை

நெய்தல் (கேள்வி):

நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் பதியும் செயலி. ஆண்ட்ராய்டில் கோட்லின், ஐஓஎஸ்ஸில் ஸ்விஃப்ட். தமிழ், ஆங்கிலம், அரபு, தாய் ஆகிய நான்கு மொழிகளில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே பேட்டர்ன்தான்: நாள்-மாதம்-ஆண்டு, ஆண்டுக்குப் பெரிய ஒய் நான்கு (YYYY), பிறகு 12 மணி நேர வடிவில் நேரம், கடைசியில் ஏஎம்/பிஎம்முக்கான ‘ஏ’ எழுத்து. திரையில் காட்டுவதும் அதுவே, சர்வருக்கு அனுப்புவதும் அதுவே. லொகேல் (மொழி, நாடு சார்ந்த அமைப்பு) எங்கும் குறிப்பிடவில்லை, போனில் உள்ளதையே எடுத்துக்கொள்கிறது.

வந்திருக்கும் புகார்கள் இவை. தாய்லாந்து ஐபோன்களிலிருந்து வரும் பதிவுகளில் ஆண்டு 2568 என்று விழுகிறது. எகிப்து அரபு மொழியில் உள்ள ஆண்ட்ராய்டு போன்கள் அனுப்புவதை சர்வர் 400 (தவறான கோரிக்கை) என்று திருப்பிவிடுகிறது. டிசம்பர் கடைசி நாட்களின் நிகழ்ச்சிகள் அடுத்த ஆண்டு டிசம்பராகத் தெரிகின்றன. டொரோன்டோவில் இருப்பவர்களுக்குப் பிறந்த தேதி ஒரு நாள் முன்னதாக வருகிறது. தமிழ்த் திரையில் ராத்திரி எட்டரை மணிக் காட்சி ‘8:30 பிற்பகல்’ என்று வருவதைப் பலரும் குறை சொல்கிறார்கள்.

தனித்தனியாக ஒட்டுப்போடாமல் எங்கிருந்து சரிசெய்ய வேண்டும்?

அலைவரிசை:

முதல் இரண்டு புகார்களுக்கும் வேர் ஒன்றுதான், நண்பரே. மனிதர் படிக்க வேண்டிய சரத்தை (எழுத்துக் கோவையை) இயந்திரத்துக்கு அனுப்புகிறீர்கள்.

போனின் பகுதி தாய்லாந்து என்றால் ஐஓஎஸ் பௌத்த ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளும். அது கிரிகோரியனைவிட 543 கூடுதல், அதனால்தான் 2025 என்பது 2568. ஈரானில் பாரசீக நாட்காட்டி வரும். ஜப்பானியப் பயனர் அமைப்புகளில் தன் நாட்டு நாட்காட்டியைத் தேர்ந்திருந்தால் 2025 ரெய்வா 7 ஆகும். எகிப்து விஷயத்தில் சிக்கல் ஆண்டில் இல்லை, இலக்கங்களில். ஆண்ட்ராய்டின் சிம்பிள்டேட்ஃபார்மேட் அந்த லொகேலில் அரபு இலக்க வடிவங்களை எழுதும். ஏஎம்/பிஎம்மும் அரபு எழுத்தாகிவிடும். வங்காளி, மராத்தி, நேபாளி போன்களிலும் இலக்கம் இப்படி மாறும். தமிழுக்கு யூனிகோடின் லொகேல் தரவு சாதாரண 0–9ஐயே இயல்பாக வைத்திருப்பதால் இலக்கம் தப்பித்தது. ஆனால் அதே ‘ஏ’ எழுத்து தமிழ் போனில் ‘பிற்பகல்’ என்று சர்வருக்குப் போயிருக்கும். பதிவேட்டில் தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

எனவே அனுப்பும் பக்கத்தில் ஐஎஸ்ஓ 8601 வடிவம் (தேதி, நேரத்துக்கான உலகத் தரம்), யூடிசி நேரம் (உலகப் பொது நேரம்), அது யூடிசி என்று காட்டக் கடைசியில் ‘இசட்’. ஆண்ட்ராய்டில் ஜாவா டைமின் இன்ஸ்டன்ட்டை அப்படியே சரமாக்கினால் இது வந்துவிடும். ஏபிஐ 26க்குக் கீழே ஆதரவு தருகிறீர்கள் என்றால் கோர் லைப்ரரி டீஷுகரிங்கை (புதிய ஜாவா வசதிகளைப் பழைய போன்களுக்கும் தருவது) கிரேடிலில் இயக்க வேண்டும். சிம்பிள்டேட்ஃபார்மேட்டை விட முடியாத இடங்களில் லொகேலை யுஎஸ் அல்லது ரூட் என்று எழுதியே கொடுங்கள். ‘%02டி’ போட்டு நீங்களே கோக்கும் ஸ்ட்ரிங் ஃபார்மேட்டுக்கும் இது பொருந்தும், பலர் கவனிக்காமல் விடும் இடம் அது.

ஐஓஎஸ்ஸில் நிலையான பேட்டர்ன் வேண்டுமென்றால் டேட்ஃபார்மேட்டரின் லொகேல் ‘இஎன்_யுஎஸ்_போசிக்ஸ்’ ஆக இருக்க வேண்டும். வெறும் ‘இஎன்_யுஎஸ்’ போதாது. அமைப்புகளில் 24 மணி நேர ஸ்விட்சைப் பயனர் மாற்றினால் உங்கள் பேட்டர்னில் உள்ள மணி எழுத்தையே ஐஓஎஸ் மாற்றிப் படிக்கும், பார்ஸ் செய்தால் (சரத்தைத் தேதியாகப் படித்தால்) நில், அதாவது வெறுமை, வரும். நேர மண்டலத்தையும் யூடிசி என்று கூடவே வைத்துவிடுங்கள்.

ஐஎஸ்ஓ8601டேட்ஃபார்மேட்டரிலும் ஒரு பொறி உண்டு. வினாடியின் பின்னத்துக்கான விருப்பத்தை இயக்கினால், பின்னம் இல்லாத சரத்துக்கு நில் தரும். இயக்காவிட்டால் பின்னம் உள்ளதற்கு நில். ஜாவாவின் இன்ஸ்டன்ட்டோ பின்னம் சுழியாக இருந்தால் அதை எழுதுவதே இல்லை. சர்வர் ஜாவாவில் இருந்தால் மில்லிவினாடி சரியாக 000 ஆக விழும் ஆயிரத்தில் ஒரு பதிவு மட்டும் ஐபோனில் திறக்காது. இந்த மாதிரிப் பிழையைத் துரத்திப் பிடிப்பது பெரும்பாடு. சர்வர் எப்போதும் மூன்று இலக்கப் பின்னத்தோடு அனுப்பட்டும்.

டிசம்பர் பிழை தனி. பெரிய ஒய் என்பது வாரத்தை வைத்துக் கணக்கிடும் ஆண்டு. இந்திய லொகேலில் வாரம் ஞாயிறன்று தொடங்கும். ஜனவரி 1 விழும் வாரமே முதல் வாரம். அதனால் 2025 டிசம்பர் 28 ஞாயிறு முதலே ஆண்டு 2026 என்று வரும். லண்டன் போனில் வாரம் திங்களன்று தொடங்குவதால் 29 முதல்தான் தவறும். ஒரே பிழை ஊருக்கு ஊர் வேறு நாளில் தோன்றுவது இதனால்தான். சிறிய ஒய் போடுங்கள். இதேபோல் பெரிய ‘டி’ என்றால் ஆண்டின் எத்தனையாவது நாள், சிறிய ‘எம்’ நிமிடம், பெரிய ‘எம்’ மாதம்.

குறிஞ்சிமலர்:

பிறந்த தேதிக்கு வருகிறேன். அது ஒரு கணம் அல்ல, நாட்காட்டியில் ஒரு நாள். அதை நள்ளிரவு யூடிசி என்று சேமித்தால் மே 5 என்பது டொரோன்டோவில் மே 4 இரவு 8 மணி. லோக்கல்டேட் வகையில் வைத்து, ஆண்டு-மாதம்-நாள் என்று நேரமே இல்லாத சரமாக அனுப்புங்கள். ஐஓஎஸ்ஸில் டேட்காம்பொனென்ட்ஸ். நேர மண்டலம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது.

உங்கள் செயலிக்கு இதைவிட முக்கியமானது வரப்போகும் நிகழ்ச்சிகள். ஆறு மாதம் கழித்து கெய்ரோவில் மாலை 7 மணிக்குக் கச்சேரி என்றால் யூடிசியை மட்டும் சேமிப்பது போதாது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைக்கும் கோடை நேர விதியை அரசாங்கங்கள் மாற்றுகின்றன. மெக்சிகோ 2022 அக்டோபரில் நாட்டின் பெரும்பகுதியில் அதைக் கைவிட்டது, எகிப்து 2023 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தது. முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த யூடிசி அப்போது ஒரு மணி நேரம் பிசகும். உள்ளூர் நேரம், ‘ஆசியா/கொல்கத்தா’ போன்ற மண்டலப் பெயர் இரண்டையும் சேமியுங்கள். யூடிசியைத் தேவைப்படும்போது கணக்கிடலாம். வெறும் +05:30 என்ற ஆஃப்செட் (யூடிசியிலிருந்து உள்ள வித்தியாசம்) மண்டலம் ஆகாது. கொழும்பு இன்று சென்னையோடு ஒத்துப்போகிறது, ஆனால் 1996க்கும் 2006க்கும் இடையே அதன் கடிகாரம் முன்னால் ஓடியது. மூன்றெழுத்துச் சுருக்கமான ‘ஐஎஸ்டி’யைத் திரையில்கூடக் காட்ட வேண்டாம், இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றும் அதைப் பயன்படுத்துகின்றன.

எகிப்தில் கோடை நேரம் தொடங்கும் நாளில் நள்ளிரவு 12 மணி என்பதே கிடையாது. கடிகாரம் நேரே 1 மணிக்குத் தாவும். நாளின் தொடக்கத்தை 00:00 என்று கையால் கட்டாமல் ஸ்டார்ட்ஆஃப்டே, அட்ஸ்டார்ட்ஆஃப்டே முறைகளிடம் கேளுங்கள். ‘நாளை’ வேண்டுமென்றால் 24 மணி நேரம் கூட்டாமல் ஒரு நாள் கூட்டுங்கள்.

வைகைக்கரை:

திரையில் காட்டுவதற்கு பேட்டர்னே எழுதாதீர்கள். என்னென்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், வரிசையை லொகேல் தரவு முடிவு செய்யட்டும். ஐஓஎஸ்ஸில் டெம்ப்ளேட் முறை உண்டு; லொகேலை முதலில் வைத்த பிறகே அதை அழைக்க வேண்டும், மாற்றிச் செய்தால் பழைய லொகேலின் வரிசை தங்கிவிடும். ஆண்ட்ராய்டில் கெட்பெஸ்ட்டேட்டைம்பேட்டர்ன். மணிக்கு ‘ஜே’ எழுத்தைக் கொடுத்தால் அந்த லொகேலுக்குரிய வடிவம் வரும். ஆனால் ஆண்ட்ராய்டில் ‘ஜே’ பயனரின் 24 மணி நேர ஸ்விட்சைப் பார்ப்பதில்லை. ஈஸ்24அவர்ஃபார்மேட்டைக் கேட்டு, பெரிய ‘ஹெச்’சா (24 மணி) சிறியதா (12 மணி) என்று நீங்கள்தான் தேர வேண்டும்.

இனி தமிழ். ‘8:30 பிற்பகல்’ என்பதில் இரண்டு தவறுகள். தமிழ்த் தரவில் முற்பகல், பிற்பகல் முன்னால்தான் வரும். உங்கள் பேட்டர்ன் அதைப் பின்னால் தள்ளிவிட்டது. வரிசையைச் சரிசெய்தாலும் ராத்திரி எட்டரையை யாரும் பிற்பகல் என்று சொல்வதில்லை. பேட்டர்னில் பெரிய ‘பி’ (B) எழுத்தைப் போட்டால் பொழுதுப் பெயர் வரும்: அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு. அதிலும் மாலை 6 முதல் 9 வரை ‘அந்தி மாலை’ என்று கிடைப்பதால் 8:30 அந்தி மாலை ஆகிவிடுகிறது. டிக்கெட்டில் அப்படி அச்சிட முடியாது. தமிழுக்கு மட்டும் மணியை வைத்துப் பொழுதுப் பெயரை மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்து எடுப்பதே நல்லது: பகல் 12 முதல் 4 வரை ‘பிற்பகல்’, 4 முதல் 7க்குள் ‘மாலை’, அதன்பின் ‘இரவு’. இலங்கைத் தமிழுக்கு இது வேண்டாம். அங்கே தரவே 24 மணி நேர வடிவத்தைத் தருகிறது, 20:30 என்று வருவது சரி.

மாதப் பெயரைச் சுருக்க முதல் மூன்று எழுத்தை வெட்டும் நிரல் எங்காவது இருந்தால் நீக்குங்கள். ஜாவாவில் ‘செப்டம்பர்’ வெட்டப்பட்டால் ‘செப’ என்று புள்ளி இழந்து நிற்கும், ஸ்விஃப்ட்டில் ‘செப்ட’ என்று வரும். சரியான சுருக்கம் ‘செப்.’, அது தரவிலேயே இருக்கிறது. ரஷ்யன், போலிஷ் சேர்க்கும் எண்ணம் இருந்தால், நாட்காட்டித் தலைப்பில் தனியே நிற்கும் மாதத்துக்குப் பெரிய ‘எல்’ எழுத்து; தேதியோடு சேர்ந்த மாதத்துக்கு அங்கே வேற்றுமை உருவம் மாறும்.

நெய்தல்:

மூவருக்கும் நன்றி. பிற்பகலை 12 முதல் 4 வரை என்று எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று: ஆண்ட்ராய்டு 14 போன்களில் ஆங்கில நேரத்துக்கான டெஸ்ட்கள் விழுகின்றன. எதிர்பார்த்ததும் வந்ததும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

அலைவரிசை:

ஆம், 12 முதல் 4 வரைதான். டெஸ்ட் விழுவது இடைவெளியால். 2022 அக்டோபரில் வந்த லொகேல் தரவின் 42ஆம் பதிப்பு ஆங்கிலத்தில் பிஎம்முக்கு முன்னால் சாதாரண இடைவெளிக்குப் பதில் யூ+202எஃப் என்ற குறுகிய, பிரியாத இடைவெளியை வைத்தது. ஜாவா 20க்கும் ஆண்ட்ராய்டு 14க்கும் அது வந்துவிட்டது. டெஸ்ட்டில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். செயலிக்குள் எங்கேயாவது அந்தச் சரத்தை இடைவெளியில் பிரித்து பிஎம்மைத் தனியே எடுக்கிறீர்களா என்றும் பாருங்கள், அது இப்போது உடைந்திருக்கும்.

சோதிக்கும்போது போனின் பகுதியை தாய்லாந்து, மொழியை எகிப்து அரபு, மண்டலத்தை டொரோன்டோ என்று மாற்றி, தேதியை டிசம்பர் 28க்குத் தள்ளி ஒவ்வொரு திரையையும் திறந்து பாருங்கள். செயலி பின்னணியில் இருக்கும்போதே 24 மணி நேர ஸ்விட்சை மாற்றிவிட்டுத் திரும்பவும் வாருங்கள். ஃபார்மேட்டரை உருவாக்கச் செலவு அதிகம் என்று கேஷ் செய்திருந்தால் (ஒருமுறை உருவாக்கியதையே வைத்திருந்தால்) பழைய நேரமே நிற்கும். ஐஓஎஸ்ஸில் கரண்ட்லொகேல்டிட்சேஞ்ச் அறிவிப்பு வந்ததும் கேஷைக் காலி செய்யுங்கள். சிம்பிள்டேட்ஃபார்மேட்டை ஸ்டாட்டிக்காக வைத்து, ஒரே நேரத்தில் ஓடும் பல திரெட்களில் பகிர்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது திரெட்-சேஃப் இல்லை, ஒருவர் தேதி இன்னொருவர் டிக்கெட்டில் விழும்.