நம்ம கையில் வராத பக் (ஆப்பில் வரும் பிழை), அவங்க கையில் மட்டும் வரும்: உங்க அனுபவம்?

சேலத்துக்காரன்:
பால் சொசைட்டி ஆப் ஒன்று, வேறு யாரோ எழுதியது, பராமரிப்புக்கு என்னிடம் வந்தது. லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) போட்டால் துண்டுச்சீட்டு அடிக்கும். "நேத்து காலையில ரெண்டு தடவை ஊத்தினேனாம், இன்னிக்கு ஊத்தவே இல்லையாம்" என்று ஓர் அம்மா சண்டை போட்டிருக்கிறார். செயலாளர் அவரைத்தான் சந்தேகப்பட்டார்.

விடியற்காலையில் நேரில் போய் நின்று பார்த்தேன். வரிசையில் முதலில் வந்தவர்களுக்கெல்லாம் நேற்றைய தேதி. மணி 5.30 தாண்டியதும் அடுத்த ஆள் சீட்டில் இன்றைய தேதி! ஒரே வரிசை, ஒரே மெஷின். அந்த அம்மா முந்தின நாள் லேட்டாக வந்தவர், மறுநாள் சீக்கிரம் வந்துவிட்டார். அவ்வளவுதான்.

இங்கே எல்லாருக்கும் புரிந்திருக்கும். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் இப்போதைய நேரம் கேட்கும் கரன்ட் டைம்ஸ்டாம்ப், யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைத்தான் தரும், நம்ம நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால், அதனால் காலை 5.30 வரை அங்கே நேற்றைய தேதிதான். ஆபீஸ் திறப்பதே பத்து மணிக்கு, டெஸ்டிங்கில் எப்படி மாட்டும்? அந்த அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பழைய விபி:
மருந்துக்கடை பில்லிங், விண்டோஸ், டாட்நெட். கடை கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தவர் ரீஜனை (நாட்டு அமைப்பை) அமெரிக்கா என்றே விட்டுவிட்டார், அங்கே தேதியில் மாதம்தான் முதலில். மாதம் பிறந்து பன்னிரண்டாம் தேதி வரை ஒரு சத்தமும் இல்லை. 13ஆம் தேதி காலை முதல் பில்லிலேயே எர்ரர், கடை வாசலில் கூட்டம். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லையே!

எர்ரர் வந்தது நல்லதுக்குத்தான். அதற்கு முந்தைய நாட்களில் ஐந்தாம் மாதம் ஆறாம் தேதி, ஆறாம் மாதம் ஐந்தாம் தேதியாகச் சத்தமில்லாமல் பதிவாகியிருந்தது. பில் புத்தகத்தை வைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். பார்ஸ் எக்ஸாக்ட் (தேதி எந்த வடிவில் வரும் என்று நாமே சொல்லிப் படிக்க வைப்பது) என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான்.

கோட்லின்காரி:
தேதியாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். எனக்கு வந்தது 'கோபால்'.

வாடிக்கையாளர் பட்டியலில் தேடினால் ஐபோனில் கிடைக்கிறார், ஆண்ட்ராய்டில் இல்லை. ஸ்கிரீனில் இரண்டு 'கோபால்' பக்கத்துப் பக்கத்தில், அச்சு அசலாக ஒன்றேதான். நீளத்தை அச்சிட்டுப் பார்த்தால் ஒன்று ஆறு, இன்னொன்று ஏழு! பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றிய டேட்டாவில் 'கோ'வின் ஓகாரக் குறி ஒரே குறியாக இல்லை. ஏகாரக் கொம்பு தனி, கால் தனி. ஐபோன் ஆப் எழுதிய ஸ்விஃப்ட் மொழி இரண்டையும் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதிய கோட்லின் ஒவ்வொரு குறியாக ஒப்பிடுகிறது, அதனால் வேறு வேறு என்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சிக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றினேன், தீர்ந்தது.

"யூனிகோட் போட்டால் தமிழ்ப் பிரச்சினை எல்லாம் முடிந்தது" என்று யாராவது சொன்னால் இப்போதும் எரிச்சல் வருகிறது. இரண்டுமே யூனிகோட்தான் ஐயா.

ராத்திரி ஷிஃப்ட்:
@சேலத்துக்காரன், யூடிசி மேல் பழி போடாதீங்க. சேமிப்பது யூடிசியில்தான் இருக்கணும், நாள்வாரியாகப் பிரிக்கும் இடத்தில்தான் உள்ளூர் நேரத்துக்கு மாற்றணும்.

என் கதை சின்னது. ஜாவா தேதி ஃபார்மட்டில் வருடத்துக்குச் சின்ன ஒய் போடும் இடத்தில் பெரிய ஒய். அது வாரக்கணக்கு வருடம், ஜனவரி 1 வரும் வாரம் முழுவதையும் புது வருடத்தில் சேர்த்துவிடும். 2024 டிசம்பர் 29 ஞாயிற்றுக்கிழமை, ரசீதில் 29-12-2025 என்று வந்து நின்றது. வருடம் முழுக்க ஒழுங்காக ஓடிய கோடு.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன். ரிலீஸுக்கு முன்னால் போன் நேரத்தை அதிகாலைக்கு மாற்றிப் பாருங்க. டிசம்பர் கடைசி வாரத்துக்கு மாற்றிப் பாருங்க. டெவலப்பர் ஆப்ஷனில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' (ஆப்பை விட்டு வெளியே போனதும் அதன் திரையை அழித்துவிடும்) போட்டுவிட்டு, பாதி ஃபார்ம் நிரப்பி, வேறு ஆப்புக்குப் போய்த் திரும்புங்க, பாதிப் பேர் ஆப் அங்கேயே காலி. போனைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பாருங்க. டீபக் பில்டை (சோதனைக்கான ஆப்) நம்பாதீங்க, ரிலீஸ் பில்டில் ஆர்8 என்ற சுருக்கும் கருவி கோடில் உள்ள பெயர்களை எல்லாம் சுருக்கிவிடும், ஜேசன் (சர்வர் அனுப்பும் டேட்டா வடிவம்) படிக்கும் கிளாஸுக்குக் கீப் ரூல் (பெயரை மாற்றாதே என்ற விதி) இல்லையென்றால் ரிலீஸில் எல்லாம் காலியாக வரும். ஃப்ளைட் மோட். மெமரி கம்மியான போன். இதைச் செய்யாமல் 'என் மெஷினில் ஓடுதே' என்று சொல்பவர்களைப் பார்த்தால்…

கோட்லின்காரி:
இதெல்லாம் யாரும் கேட்கவில்லையே. அப்புறம், இத்தனையும் செய்தாலும் என் கோபால் மாட்டியிருக்க மாட்டார்.

சேலத்துக்காரன்:
@ராத்திரி ஷிஃப்ட், யூடிசியை எங்கே குறை சொன்னேன்? நீங்க சொன்னதைத்தான் செய்தேன், ரிப்போர்ட் குவெரியில் லோக்கல்டைம் (உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் சொல்) சேர்த்தேன், சீட்டும் சரியானது. பழைய பதிவுகள் யூடிசியில் இருந்ததால்தான் முந்தைய மாதக் கணக்கையும் திரும்ப எடுக்க முடிந்தது. அந்த அம்மாவுக்கு நின்றிருந்த பணம் அடுத்த பட்டுவாடாவில் சேர்ந்து வந்தது.